காய்ச்சல், தடிமன், கைகழுவல்: மருந்தக மேசையில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை இறங்கியதும், யாழ்ப்பாண நகரத்து மருந்தகம் ஒன்றில் நான் நிற்கும் மேசைக்கு முன்னால் சளி, இருமல், காய்ச்சல் என்று வருபவர்களின் வரிசை நீளத் தொடங்கும். மருந்தை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு அவர்கள் கேட்கும் சந்தேகத்துக்கு விடை சொல்லத்தான் நேரம் கிடைப்பதில்லை, ஏனெனில் பின்னால் நிற்பவர் காசை நீட்டிக்கொண்டிருப்பார். அப்படிப் பாதியில் விட்ட பதில்களை ஆறுதலாக எழுதிவைத்ததே இந்தப் பக்கம். பதில்களை எழுத்துத் தமிழில் எழுதியிருந்தாலும், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் மருந்தாளர், வைத்தியர் அல்ல; ஆகவே நோயை நிர்ணயிப்பது இந்தப் பக்கத்தின் வேலையன்று.

தடிமனும் ஃபுளூவும் ஒண்டுதானே? பேர்தானே வேறை?

இரண்டும் வேறு வேறு நோய்கள். தடிமனை உண்டாக்கக்கூடிய வைரசுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ரைனோவைரஸ் என்னும் கூட்டமே பெரும்பான்மை. ஃபுளூ என்பது இன்புளுவன்சா வைரசினால் மட்டும் வருவது. ஆண்டுதோறும் மனிதரிடையே பரவுபவை அதன் ஏ, பி வகைகள். தடிமன் மெதுவாக வரும்: முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு மூக்கு ஒழுகும், ஆள் வேலைக்குப் போய்வருவார். ஃபுளூவோ திடீரென்று விழுத்தும். "நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது சுகமாக இருந்தேன், விளக்கு வைக்கும் நேரம் எழும்ப முடியவில்லை" என்று நேரம் குறித்துச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் ஃபுளூவாகவே இருக்கும். கடும் காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி, வறட்டு இருமல் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் சில நாள்களில் விட்டாலும் களைப்பும் இருமலும் இரண்டு கிழமை வரை இழுபடலாம்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் நம்முடைய பேச்சு வழக்கு. காய்ச்சல் என்பது அறிகுறி மட்டுமே. நாமோ அதையே நோயின் பெயராக வைத்துக்கொண்டோம். டெங்குக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், ஃபுளூ ஆகிய நான்கும் ஒரே மழைக்காலத்தில் ஒரே ஒழுங்கையில் உலவக்கூடியவை. ஆனால் முதலாவது நுளம்பாலும், இரண்டாவது எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீராலும், மூன்றாவது அசுத்தமான நீராலும் உணவாலும், நான்காவது பக்கத்திலிருப்பவரின் மூச்சாலும் வருகின்றன. எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைப் பூட்டுவது என்று தெரியும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

மழையிலை நனைஞ்சால், தோய்ஞ்சுபோட்டு ஈரத்தலையோடை நிண்டால் தடிமன் வரும் எண்டு அம்மா சொல்லுறா. உண்மையோ?

வைரஸ் உடம்புக்குள் புகாமல், ஈரத்தால் மட்டும் தடிமனோ ஃபுளூவோ வராது. ஆனால் மழைக்காலத்தில் இவை கூடுவது உண்மை. மழை பெய்தால் வீட்டுக் கதவு யன்னல்களைச் சாத்துகிறோம். மினிபஸ்சின் கண்ணாடிகளை இழுத்துவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி பருத்தித்துறை வரை போகிறோம். ரியூசன் கொட்டிலில் நூறு பிள்ளைகள் நடுவில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்க இதைவிட வசதி வேண்டியதில்லை. பனிக்காலமே இல்லாத நம் நாட்டில் ஃபுளூ ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏறத்தாழ ஆண்டின் நடுப்பகுதியிலும் கடைசி மாதங்களிலும், தலைதூக்குவது வழக்கம்.

அம்மாவை முற்றாகப் பிழை சொல்லவும் நான் விரும்பவில்லை. முட்டு வருத்தம் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கி இழுப்பைத் தொடக்கிவிடலாம். அவர்கள் தலையைத் துவட்டிக்கொள்வது நல்லதே.

ஒராளிட்டையிருந்து இன்னொராளுக்கு எப்பிடித் தொத்துது? எத்தினை நாளைக்குத் தொத்தும்?

இருமும்போதும் தும்மும்போதும் கதைக்கும்போதும் வெளிவரும் துளிகளை அருகிலிருப்பவர் உள்ளிழுப்பதே முதன்மையான வழி. இரண்டாவது வழி கை: மூக்கைத் துடைத்த கை பஸ்சின் கம்பியைப் பிடிக்கிறது, அதே கம்பியைப் பிடித்த மற்றக் கை தன் கண்ணையோ மூக்கையோ தொடுகிறது. உருக்கு, பிளாஸ்ரிக் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணித்தியாலம் வரை உயிர்ப்புடன் இருக்கலாம். துணியிலும் கடதாசியிலும் அதைவிடக் குறைந்த நேரமும், கையில் சில நிமிடங்களுமே தாங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் நாம் முகத்தைத் தொட்டுவிடுவதுதான் சிக்கல்.

தொற்றிய பிறகு நோய் வெளிப்பட 1 முதல் 4 நாள் எடுக்கும். பெரும்பாலும் 2 நாள். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். நோய் தொடங்கி 5 முதல் 7 நாள் வரை அது நீளும், சிறு பிள்ளைகளில் இன்னும் கூட நீளலாம். "எனக்கு யாரிடமிருந்து வந்தது" என்று தேடிச் சண்டை பிடிப்பதில் பயனில்லை என்பதற்கு அந்த ஒரு முன்னாளே காரணம்.

கையைத் தண்ணியிலை அலம்பினால் காணாதோ? ஏன் சவுக்காரம்?

காணாது. இன்புளுவன்சா வைரசின் மேலுறை கொழுப்பாலானது. மீன் வெட்டிய சட்டியை வெறும் நீரால் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் போகாதோ, அப்படியே இதுவும். சவர்க்காரம் அந்தக் கொழுப்புறையைக் கரைக்க, வைரஸ் குலைந்துபோகிறது. கொழுப்புறை இல்லாத கிருமிகளைக்கூடச் சவர்க்காரம் தோலிலிருந்து பிரித்தெடுத்து நீரோடு போகவிடுகிறது. 20 செக்கன் தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, நகத்தடி, பெருவிரலைச் சுற்றிய பகுதி ஆகியவையே வழக்கமாக மறக்கப்படுபவை.

கைகழுவுவதன் அருமையை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. 1847இல் வியன்னாவின் பிரசவ விடுதியொன்றில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணப்பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தபோது தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இருந்தும் அவருடைய சக வைத்தியர்களில் பலர் அதை நம்பவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் கைகழுவ மறுத்தால் பொறுமையை இழக்க வேண்டாம். கழுவிய கையை நன்றாக உலர்த்துவதும் முக்கியம், ஏனெனில் ஈரக்கையில் கிருமிகள் எளிதாக ஏறியிறங்கும். நாள் முழுவதும் குசினியில் நின்ற சேலைத் தலைப்பில் துடைப்பதை நான் உலர்த்தல் என்று கணக்கிலெடுப்பதில்லை.

எங்கடை கிணத்துத் தண்ணியிலை சவுக்காரம் நுரைக்குதே இல்லை. அப்ப கை கழுவியும் வீண்தானே?

வீணில்லை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதனூடாக இறங்கும் மழைநீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருவதால் நம்முடைய நீர் பல இடங்களில் வன்னீராக இருக்கிறது. அந்தக் கல்சியம் சவர்க்காரத்தின் ஒரு பகுதியைப் பிடித்துத் திரியான வெள்ளைக் கசடாக்கிவிடுகிறது. கேத்தலின் உள்ளே படியும் வெள்ளைப் படிவும், வாளியின் ஓரத்தில் ஒட்டும் வெள்ளையும் இந்தக் கதையின் வேறு அத்தியாயங்கள்.

கையைச் சுத்தமாக்குவது நுரையன்று. சவர்க்காரமும் தேய்ப்பும் ஓடும் நீருமே. ஆகவே வன்னீர் உள்ள இடத்தில் சவர்க்காரத்தைச் சற்றுக் கூடுதலாகப் பூசி, சற்றுக் கூடுதலாகத் தேய்த்து, வழுவழுப்புப் போகும் வரை நீரூற்றுங்கள். போத்தலில் வரும் கைகழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது செயற்கைச் சலவைப் பொருள் என்பதால் அவை வன்னீரிலும் நுரைக்கும். ஆனால் அதற்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிணற்றடியில் ஒரே வாளிக்குள் எல்லோரும் கையை முக்கிக் கழுவுவதைத்தான் நிறுத்த வேண்டும். ஒருவர் செம்பால் ஊற்ற மற்றவர் கழுவுவது நல்ல முறை.

பையுக்குள்ளை சனிற்றைசர் இருக்கு. அது போதும்தானே?

குறைந்தது 60 வீதம் அல்ககோல் உள்ளதாயின், பஸ்சிலும் சந்தையிலும் ஃபுளூவுக்கு எதிராகப் போதும். கை முழுவதும் பூசி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். மண்ணோ எண்ணெயோ ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. சத்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோ போன்ற வைரசுகளுக்கு மேலே சொன்ன கொழுப்புறை இல்லாததால், மலசலகூடம் போய்வந்த கைக்கும் குழந்தையைக் கழுவிய கைக்கும் சவர்க்காரமே வேண்டும்.

கொதிச்சாறின தண்ணிதான் குடிக்கிறம். பிறகும் ஏன் ஃபுளூ வந்தது?

ஃபுளூ குடிநீரால் வருவதன்று. நீங்கள் சரியான பூட்டை வேறொரு கதவுக்குப் போட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் அந்தப் பூட்டைக் கழற்றிவிடாதீர்கள். சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் நீர் விரைவாக இறங்குவதால், மலக்குழியின் கசிவு அயலிலுள்ள கிணற்றை எட்டுவது இங்கே எளிது. அதிலும் வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே விழுந்தால், குளோரின் இட்டு இறைக்கும் வரை அந்தக் கிணறு ஐயத்துக்குரியதே. அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேட்கலாம். நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கமாரியை உண்டாக்கும் ஈரலழற்சி ஏ ஆகியவற்றின் கிருமிகள் நீரைக் கொதிக்கவைப்பதால் அழியும். கொதித்த நீரை மூடிவைத்து, கையை விடாமல் அள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: தோட்டத்து உரத்திலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைத்திரேற்று கொதிக்கவைப்பதால் போகாது. அது கிருமி அன்று. அதன் கதை வேறு.

மல்லித்தண்ணியும் ஆவியும் இருக்க என்னத்துக்கு மருந்து?

பெரும்பாலானவர்களுக்குத் தடிமனும் ஃபுளூவும் தாமாகவே மாறும். ஆகவே கேள்வி நியாயமானதே. மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த நீரைப் பனங்கட்டியோடு குடிப்பது தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். அது வைரசைக் கொல்லாது, ஆனால் கொல்லும் என்று எதிர்பார்க்காதவரை அதில் தவறில்லை. சலரோகம் உள்ளவர்கள் பனங்கட்டியும் இனிப்பே என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ் ஒரு துளியும் கூடாது, ஏனெனில் தேனிலிருக்கக்கூடிய ஒருவகைப் பக்ரீரியாவின் வித்திகள் அந்தக் குடலில் முளைத்து உடம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சிறிது நேரம் இளக்கும், அவ்வளவே. பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிநீர்ச் சட்டிக்கு முன்னால் இருத்துவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சட்டி சரிந்து வெந்த தொடைக்குக் களிம்பு தேடி வந்த பெற்றோரை இந்த மேசையில் நான் கண்டிருக்கிறேன். காய்ச்சலோடு மேல் கழுவலாமா என்பதற்கும் இங்கேயே விடை: இளஞ்சூட்டு நீரில் தாராளமாகக் கழுவலாம், குளிரால் நடுங்கும் வேளையில் வேண்டாம்.

போனமுறை தந்த அன்ரிபயோட்டிக்கிலை நாலு குளிசை தாங்கோ, எனக்கு அதுதான் கேக்கும்.

இது கேள்வியன்று, கட்டளை. இருந்தாலும் எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கேட்பது இதைத்தான். அன்ரிபயோட்டிக் பக்ரீரியாவுக்கான மருந்து. வைரசில் அதற்கு வேலையில்லை. போனமுறை "கேட்டது" போலத் தோன்றியது, நாலாம் நாளில் தானாக மாறவிருந்த நோய்க்கு மூன்றாம் நாளில் குளிசை குடித்ததால். நாலு குளிசை குடித்துப் பாதியில் விடும் பழக்கம் மருந்துக்கு அடங்காத பக்ரீரியாக்களை வளர்க்கிறது. நாளை உண்மையாகவே நியுமோனியா வரும்போது அதே குளிசை கைவிட்டுவிடும். வைத்தியரின் துண்டு இல்லாமல் தரமுடியாது என்று நான் சொல்வது கெடுபிடிக்காக அன்று.

அப்ப வயல்காரருக்கு மட்டும் வருத்தம் வரமுன்னமே அன்ரிபயோட்டிக் குடுக்கினமே, அது என்ன ஞாயம்?

நல்ல கேள்வி, ஒரு கமக்காரர் மேலுள்ள பதிலைக் கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே மடக்கினார். எலிக்காய்ச்சல் வைரசால் வருவதன்று, லெப்டோஸ்பைரா என்னும் பக்ரீரியாவால் வருவது. வயற்சேற்றில் நிற்கும்போது கால் வெடிப்புகளாலும் காயங்களாலும் அது உட்புகும். அதனால்தான் வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் கிழமைக்கு ஒரு தடவை, சுகாதாரப் பணிமனையின் கணக்கில், கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அதைத் தாமாகக் குடிக்கக்கூடாது.

2024 டிசம்பரில், பெருவெள்ளத்துக்குப் பிறகு, குடாநாட்டில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது முதலில் ஊரெல்லாம் "மர்மக் காய்ச்சல்" என்றே பேசியது. பிறகு பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. அந்நாள்களில் முகக்கவசம் கேட்டு வந்தவர்கள் பலர். சேற்றால் வரும் நோய்க்கு மூக்கை மூடுவதால் என்ன பயன்?

காய்ச்சல் தொடங்கி ரெண்டு நாள். டெங்குவோ ஃபுளூவோ எண்டு வீட்டிலையே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கலாம். மூக்கொழுகலும் இருமலும் தொண்டை நோவும் முன்னிற்பது ஃபுளூவின் பக்கம். கண்ணுக்குப் பின்னால் நோவு, மூட்டு நோவு, சத்தி, தோலில் சிவப்புத் தடிப்பு ஆகியவை டெங்குவின் பக்கம். கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத நோவும் கண் சிவப்பும், அதோடு அண்மையில் சேற்றில் இறங்கியிருப்பதும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். குடாநாட்டில் டெங்கு கூடும் மாதங்களும் மாரியே என்பதால், காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால், சளி இருந்தாலும்கூட, வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அதுவரை பனடோல், அதாவது பரசிற்றமோல், ஒன்றே குடிக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு அளவு வயதைவிட நிறையைப் பார்த்தே தீர்மானிக்கப்படும். ஈரல் நோய் உள்ளவர்களும் நிறை குறைந்தவர்களும் முதலில் கேட்க வேண்டும். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் குடித்துத் தெரியாமலே அளவைத் தாண்டுபவர்கள் உண்டு. உடம்பு உளைவுக்கென்று ஐபியுபுறூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எதையும் எடுக்க வேண்டாம்: டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். இதயநோய்க்கு நாள்தோறும் அஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள்.

ஃபுளூவுக்கு ஊசி இருக்காமே? ஏன் வருசம் வருசம் போடவேணும்?

இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போடலாம். வைரசின் மேற்பரப்புப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால், போன ஆண்டு பழகிய எதிர்ப்பு இந்த ஆண்டுக்கு அரைகுறையாகவே பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு தடவை, பெப்ரவரியிலும் செப்ரெம்பரிலும், தடுப்பூசியில் எந்தெந்த வகைகள் இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரசாதலால் ஊசியால் ஃபுளூ வராது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சலரோகம், முட்டு, இதய நோய் உள்ளவர்கள் இதைப் பற்றித் தங்கள் வைத்தியருடன் கதைப்பது நல்லது.

பிள்ளையின்ரை தடுப்பூசி அட்டையிலை இன்புளுவன்சா எண்டு கிடக்கு. அப்ப போட்டாச்சுத்தானே?

இல்லை, அது வேறு. 2, 4, 6ஆம் மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி ஆகியவற்றோடு ஹீமோபிலஸ் இன்புளுவன்சே பி என்பதும் சேர்ந்திருக்கிறது. அது வைரஸ் அன்று, சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நியுமோனியாவையும் உண்டாக்கும் ஒரு பக்ரீரியா.

பெயர்க் குழப்பம் ஒரு பழைய பிழையின் மிச்சம். 1892இல் ரிச்சார்ட் பைஃபர் என்னும் ஜேர்மன் அறிஞர், ஃபுளூ நோயாளரின் சளியில் இந்தப் பக்ரீரியாவைக் கண்டு, இதுவே ஃபுளூவின் காரணம் என்று அறிவித்தார். மனித ஃபுளூவின் உண்மையான வைரஸ் 1933இல் இலண்டனில் பிரித்தெடுக்கப்பட்டபோது பிழை தெரிந்தது, ஆனால் பெயர் ஒட்டியபடியே நின்றுவிட்டது. நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பெயர் ஒரு தாயை ஏமாற்றுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எனக்கு ஃபுளூ. கைக்குழந்தைக்குப் பால் குடுக்கலாமோ?

கொடுக்க வேண்டும். பாலால் ஃபுளூ பரவாது; தாயின் எதிர்ப்புப் பொருள்கள் பாலோடு குழந்தைக்குப் போகின்றன. பரப்புவது உங்கள் மூச்சும் கையுமே. ஆகவே முகக்கவசம் அணிந்து, கையைச் சவர்க்காரத்தால் கழுவிப் பால் கொடுங்கள். மற்ற நேரங்களில் குழந்தையை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

வீட்டிலை ஒராளுக்கு வந்திட்டுது. இருக்கிறது ரெண்டு அறை. என்ன செய்யிறது?

தனி அறை இல்லாவிட்டால், யன்னலோரத்தில் தனிப்பாய். யன்னலைத் திறந்தே வையுங்கள். வீட்டுக்குள் முகக்கவசம் அணிய வேண்டியவர் முதலில் நோயாளியே. அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் நோயாளிக்குப் பக்கத்தில் படுக்கவிடாதீர்கள். அவருடைய கோப்பையும் தட்டும் சவர்க்காரத்தால் கழுவினால் போதும், எரிக்கத் தேவையில்லை. கதவுப் பிடி, சுவிச், கைபேசி ஆகியவற்றைத் துடையுங்கள். குளோரின் திரவம் பாவிப்பவர்கள் அதை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக்கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைத் தாக்கும். வாசலில் மஞ்சள் நீர் தெளிப்பதும் வேப்பிலை கட்டுவதும் உங்கள் விருப்பம், ஆனால் துடைப்பதற்குப் பதிலாக அன்று.

காய்ச்சல் விட்டிட்டுது, நாளைக்குச் சோதினை. பள்ளிக்கூடம் அனுப்பலாமோ?

பனடோல் குடிக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம். காலையில் பனடோல் கொடுத்து அனுப்புவது காய்ச்சலை மறைக்கும், தொற்றலை மறைக்காது. நல்லூர்த் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் இதே கணக்குத்தான். செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவது நம்மிடையே எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் எட்டுச் செலவன்று போய்க் கதைத்தாலும் உறவு முறியாது.

எப்ப ஆசுப்பத்திரிக்கு ஓடவேணும்?

மூச்செடுக்க முட்டினால், நெஞ்சு நொந்தால், உதடு நீலித்தால், ஆள் மயங்கினால் அல்லது பிதற்றினால், சிறுநீர் நன்றாகக் குறைந்தால், எங்கேயாவது இரத்தம் கசிந்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் உடனே போக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். காய்ச்சல் விட்டு இரண்டொரு நாளில் திரும்பவும் கூடுதலாக வந்து, சளியும் கெட்டியானால் அது ஃபுளூவின் மேல் ஏறிய நியுமோனியாவாக இருக்கலாம். டெங்குவில் நிலைமை வேறு: காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை, ஆகவே "காய்ச்சல் விட்டுவிட்டதே" என்று அப்போது அசட்டையாக இருக்கக்கூடாது. கர்ப்பிணிகளும், ஊசி பற்றிய பதிலில் சொன்ன மற்றவர்களும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திராமல் முதல் நாளிலேயே வைத்தியரைக் காண வேண்டும், ஏனெனில் ஒசெல்ராமிவிர் என்னும் ஃபுளூ மருந்து 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

போகும்போது அதுவரை குடித்த குளிசைகளின் மட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். "ஒரு வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் வைத்தியருக்கு மட்டுமன்று, விற்ற எனக்கே விளங்காது.